ஆயாக் கொட்டகையில் ஏழு பானை

1. பதினாறு தொட்டில்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதினாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதார்கள். ஒன்றைத் தூக்கினால் பக்கத்துத் தொட்டில் அழும். அதை ஆட்டப் போனால், தூக்கினது என் தோளில் கக்கும். தாய்மார் பால் கொடுக்க ஓடி வந்தபோது நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். எட்டாம் நாள் எனக்குப் பதினாறு அழுகையும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இது பசி, இது எறும்பு, இது சும்மா என்று சொல்லுவேன்.

செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு அப்போது வயது இருபது. அதற்கு முன் மரம் வெட்டினேன். மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. ஒரு மழைக்காலத்தில் உளி வழுக்கி வலது கையில் இறங்கியது. இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. எங்களை வேலை வாங்குகிற கங்காணி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரலு போனா என்னா? இடுப்பு இருக்குல்ல, புள்ள தூக்கு" என்றார்.

அப்படித்தான் நான் ஆயா ஆனேன். பெயர் அஞ்சலை. ஆனால் அன்றிலிருந்து என்னைவிட மூத்தவர்கள்கூட ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

விடியுமுன் பெரட்டு. எல்லாரும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் பெண்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டகையில் விடுவார்கள். அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளமான கொட்டகை. மூங்கில் விட்டத்தில் அவரவர் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருக்கும். பகல் ஒரு மணிக்கு ஜனங்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் என் வேலை முடியும்.

இருபத்தெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் கையில் இருந்த நேரத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. ஒரு பிள்ளையும் கிணற்றில் விழவில்லை, பாம்பும் தீண்டவில்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

ஈப்போவில் இப்போது நர்சரி வேலைக்குப் போகிற பெண்கள் சிலர் அந்தக் காலத்து அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் இரண்டாம் புத்தகம் வரைக்கும் படித்தவள். எழுத்து எழுத்தாகத்தான் வரும். எனக்கு அவசரம் இல்லை, உங்களுக்கும் இருக்கவேண்டாம்.

2. இரண்டு மணிக்குக் கொட்டகை மாறும்

அந்தக் கொட்டகைக்கு இரண்டு பிழைப்பு. காலையில் ஆயாக் கொட்டகை, மத்தியானம் பள்ளிக்கூடம். ஒரு மணிக்கு மேல் நான் தொட்டில்களை அவிழ்த்து மடித்து வைப்பேன். இரண்டு மணிக்கு வாத்தியார் கரும்பலகையைத் தூக்கி அதே விட்டத்தில் மாட்டுவார்.

வாத்தியார் பெயர் சிங்காரம். காலையில் அவருக்கும் வேறு வேலை. ஸ்டோரில் பாலை நிறுப்பவர் அவர்தான். குளித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புளித்த பால் நாற்றம் போகாது. பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது. நாற்றம் வந்தால் பையன்கள் எழுந்து நிற்பார்கள்.

பையன்கள் மட்டும்தான். பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வர முடியாது, அவ்வளவுதான். ஒரு மணிக்குத் தாய்மார் வந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். உடனே பாதிப் பேர் களை பிடுங்க வெளிக்காட்டுக்குப் போகவேண்டும், மீதிப் பேர் விறகுக்கும் துணி துவைக்கவும் ஓடுவார்கள். அப்போது கைப்பிள்ளையை யார் பார்ப்பது? எட்டு வயது, ஒன்பது வயது அக்காமார்தான். பையன்கள் சிலேட்டோடு ஒரு வாசல் வழியாக உள்ளே வரும்போது, அவர்களுடைய அக்கா தங்கைகள் இடுப்பில் பிள்ளையோடு இன்னொரு வாசல் வழியாக வெளியே போவார்கள். ஒரு வருஷம் நான்தான் அந்தப் பிள்ளைகளை எடுத்து அவர்கள் இடுப்பில் வைத்தேன். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியார் மகன் மட்டும் வேறு. தினம் காலையில் காலில் சப்பாத்தும் தலையில் தொப்பியுமாகச் செமோரில் ரயில் ஏறி ஈப்போ இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவான். அவனை நாங்கள் யாரும் எங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்ததில்லை. ரயில் வேறு, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் வேறு.

எல்லாப் பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவார்கள். பொன்னுத்தாயி மட்டும் போகமாட்டாள். ஒன்பது வயது இருக்கும். இடுப்பில் தம்பி சின்னான். கொட்டகைக்கு வெளியே ஓலைத் தட்டியில் சாய்ந்து நின்று ஆடிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் வாத்தியார் ஒரு பையனை நிற்க வைத்து, "ஆறெட்டு?" என்று கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான்.

"நாப்பத்தெட்டு" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"எவ அவ?"

"நாந்தான் வாத்தியாரே, பொன்னுத்தாயி."

"ஒன்னைக் கேட்டேனா?"

"என்னைக் கேக்கல. அவனைக் கேட்டீங்க, அவன் சொல்லல. நீங்க வாய்ப்பாட்டை நிறுத்துனா எந் தம்பி முழிச்சுக்குறான். நிறுத்தாதீங்க வாத்தியாரே."

வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். ஆறொன்பது என்று அவரே ஆரம்பித்தார்.

3. பத்துப் பேர் வேண்டும்

அந்த வருஷம் இன்னொரு கங்காணி தன் ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர்களோடு பிள்ளைகளும் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சினது ஐந்து பையன்கள்.

படிக்கிற வயதில் பத்துப் பிள்ளை இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்பது சர்க்கார் சட்டம். ஈப்போவிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். வகுப்பில் பத்துத் தலை இல்லை என்றால் மூடிவிடலாம்.

கிராணியார் அதைக் கொட்டகை வாசலிலேயே நின்று சொன்னார். "அஞ்சு பயலுக்கு ஒரு வாத்தியாரா? அடுத்த மாசம் ஆபீசர் வர்றாரு. பாத்துட்டுப் போவட்டும், மூடிடலாம். பால் மரம் வெட்டப் போறவனுக்கு வாய்ப்பாடு எதுக்குய்யா? மரத்தை எண்ணத் தெரிஞ்சாப் போதாதா?"

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் வீட்டு மருந்தைக் கொடுத்தனுப்புவார். எங்கள் பிள்ளைகளுக்கு மருந்து வேண்டும் என்று தெரிந்த மனுசனுக்குப் படிப்பு வேண்டும் என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

அவர் போனதும் வாத்தியார் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆயா, அஞ்சு பேரு வேணும். எங்க போவேன்?"

"அஞ்சு பேரா? ஏழு பேரு தெனமும் என் வாசல் வழியா வெளிய போறாளுங்க வாத்தியாரே" என்றேன்.

"இடுப்புல புள்ளையோட போறாளுங்க."

"புள்ள என்கிட்ட இருந்தா?"

"ஒன் வேலை ஒரு மணியோட முடிஞ்சுதே?"

"நாலு மணி வரைக்கும் பாத்தா என்னைப் புலியா தூக்கிட்டுப் போவப் போவுது?"

கொட்டகையின் நடுவில் கோணிச் சாக்கு கட்டினோம். ஒரு பக்கம் தொட்டில், ஒரு பக்கம் பலகை.

4. பானை

தாய்மார் சும்மா விடவில்லை. அங்கம்மாக்கா என்று ஒருத்தி. நல்ல உயரம், நல்ல குரல். பெரட்டில் அவள் பேர் கொடுத்தால் அடுத்த தோட்டத்தில் கேட்கும் என்பார்கள். அவள் மகள் தனம் என் ஏழு பேரில் ஒருத்தி.

"இவ பள்ளிக்கூடம் போயிட்டா உலை யாரு வைப்பா? வாத்தியாரு வந்து வைப்பாரா?" என்று கேட்டாள்.

"வைக்கச் சொன்னா வைப்பாருக்கா. அவரு சட்டை வாசம் சோத்துல ஏறும், பரவால்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். "அரிசியைக் களைஞ்சு பானையோட குடுத்துவிடுங்க. நம்ம கொட்டகை அடுப்புல நான் வடிச்சு வைக்கிறேன். நாலு மணிக்குப் புள்ளையும் வரும், சோறும் வரும்."

சோறு தானாக வரும் என்றதும் படிப்பு நல்லதாகத் தெரிந்தது. ஏழு வீட்டிலும் சரி என்றார்கள். ஒரு விஷயம் மட்டும் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் இரண்டு லயம். மேல லயம், கீழ லயம். சாதி பார்த்துப் பிரித்தது. கப்பலில் ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான், இறங்கினதும் இரண்டு வரிசையாகிவிட்டோம். நான் மேல லயம். பொன்னுத்தாயி கீழ லயம். மேல லயத்துப் பானை நாலு, கீழ லயத்துப் பானை மூன்று. ஒரே அடுப்பில் வைக்கக்கூடாது என்றார்கள். முன் அடுப்பு மேல லயத்துக்கு, கொட்டகைக் கடைசியில் இருந்த பின் அடுப்பு கீழ லயத்துக்கு. நானும் சரி என்றேன். தொட்டில்களையும் நான் அப்படித்தானே கட்டியிருந்தேன்.

எல்லாப் பானையும் செமோர் சீனக் கடையில் வாங்கினது. ஒரே அச்சு, ஒரே கரி. அடையாளத்துக்கு வாத்தியார் சாக்குக் கட்டியால் பானை வயிற்றில் அந்தந்தப் பிள்ளையின் பெயரை எழுதினார். கரி பிடித்த பானைபோலச் சிலேட்டு உலகத்தில் கிடையாது.

"வாசிச்சுக் குடுத்துருவ இல்ல ஆயா?"

"ஏன், எனக்கு எழுத்துத் தெரியாதுன்னா நெனைச்சீங்க?" என்றேன்.

எனக்குத் தெரியாது. ஏழு வயதில் கப்பல் ஏறி, பத்து வயதில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனவளுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? ஆனால் பதினாறு அழுகை தெரிந்தவள் ஏழு பானை தெரியாது என்று சொல்வதா? வாய் வரவில்லை. முன் அடுப்பில் இன்னார் பானை இந்த இடம், பின் அடுப்பில் இன்னார் பானை இந்த இடம் என்று இடத்தை வைத்தே கொடுத்து வந்தேன். வாத்தியார் பார்க்கும்போது மட்டும் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, உதட்டை அசைப்பேன்.

பன்னிரண்டு பேர் படித்தார்கள். பொன்னுத்தாயி மூன்று வாரத்தில் பையன்களைத் தாண்டிவிட்டாள். ஆவி பட்டுப் பானையில் எழுத்து அழிந்தால் மறுபடி எழுதுகிற வேலையை வாத்தியார் அவளுக்கே கொடுத்தார். அவள் எழுதும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். தனம் கையைப் பிடித்து அவள் பெயரைப் பானையில் எழுதப் பழக்கினதும் பொன்னுத்தாயிதான்.

5. மழை நாள்

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால் பெரிய மழை பிடித்தது. கொட்டகைக் கடைசியில் கூரை எப்போதுமே ஒழுகும். அன்றைக்குக் கொட்டியது. பின் அடுப்பு அணைந்தே போயிற்று. சோறு பாதி வேக்காடு. நான் என்ன செய்வேன்? மூன்று பானையையும் தூக்கிக்கொண்டு வந்து முன் அடுப்பில் சேர்த்துவிட்டேன். இடம் பற்றாமல் மாற்றி மாற்றி வைத்து, ஏழும் வெந்து இறங்கியபோது, எது எங்கே இருந்தது என்று எனக்கு மறந்து போயிற்று.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மழை விடவில்லை. வாழை இலையால் மூடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பொன்னுத்தாயி இலையை விலக்கிப் பார்த்தாள்.

"ஆயா, இது எங்க பானை இல்ல."

"உங்க பானைதான், போ."

"தனம்னு எழுதிருக்கே ஆயா. நாந்தானே எழுதுனேன்."

"எனக்குத் தெரியாதா? எழுத்தை நானும் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். பெரிய வாத்தியாரம்மா! மழை வலுக்குது, தம்பிய நனைக்காம போய்ச் சேரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, தம்பியை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் மேல லயமே கொட்டகைக்கு முன்னால் நின்றது. அங்கம்மாக்கா கையில் பானை.

"சோத்துக்குள்ள மரவள்ளிக்கிழங்கு கெடக்குது! நான் கிழங்கு போட்டேனா? இது அந்தக் கீழ லயத்துச் செல்லம்மா வீட்டுப் பானை! இந்த மனுசன் தெரியாமத் தின்னுட்டாரு!"

அவள் வீட்டுக்காரர் மாரியப்பண்ணன் பின்னால் நின்றார். சாதுவான மனுசன்.

"ரெண்டாந்தரம் வேற வாங்கித் தின்னாரு!" என்று அவள் கத்தினாள். "நல்லாருக்குன்னு வேற சொன்னாரு!"

"நல்லாத்தான்டி இருந்துச்சு" என்று அவர் மெதுவாகச் சொன்னார். சிரிக்க நினைத்தவர்களும் கங்காணி வருவதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

கங்காணி விசாரித்தார். பானையில் இருந்த எழுத்து மழையில் கரைந்து போயிருந்தது. பானையில் பேர் எழுதுவது யார்? பொன்னுத்தாயி. எழுதுகிறவள் கீழ லயத்துப் பெண். அப்படியானால் வேண்டுமென்றே மாற்றி எழுதியிருக்கிறாள் என்று ஒரு குரல் வந்தது. நாலு குரல் ஆயிற்று. பொன்னுத்தாயியையும் அவள் அம்மா செல்லம்மாவையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

"நீதான் மாத்தி எழுதுனியா?" என்று கங்காணி கேட்டார்.

"நான் சரியாத்தான் எழுதுனேன்" என்றாள் பொன்னுத்தாயி. அவ்வளவுதான் சொன்னாள். ஆயாதான் கொடுத்தாள், நான் சொல்லியும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தொட்டில் சேலையை மடித்துக்கொண்டு நின்றேன்.

"கீழ லயத்துப் பொட்டப்புள்ளைங்க நாளையிலேருந்து வரவேண்டாம்" என்று கங்காணி முடித்துவிட்டார்.

6. பெரட்டுக்களம்

மறுநாள் மத்தியானம் ஒன்பது பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். தட்டிக்கு வெளியிலும் யாரும் நிற்கவில்லை. நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

வாத்தியார் கிட்டே வந்தார். "ஆயா, கங்காணி அவரு மவனை அனுப்பறேன்னு சொல்லிட்டாரு. அஞ்சு வயசுதான். ஏழுன்னு சொல்லி உக்கார வச்சா பத்து ஆயிரும். பள்ளிக்கூடம் பொழைச்சுக்கும்."

"பொன்னுத்தாயி?"

அவர் சாக்குக் கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "நல்லா வந்திருப்பா" என்றார். அவள் செத்துப்போனது மாதிரி சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்கு இனி என் வாய் தேவையில்லை. நான் பேசாமலே இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதுதான் என்னை உறுத்தியது. தெரிந்தவள் ஒருத்திதான், அவளும் சொல்லமாட்டாள்.

மறுநாள் விடியலில் பிள்ளைகளை வாங்கித் தொட்டிலில் போட்டேன். கிழவி ஒருத்தியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நேரே பெரட்டுக்களத்துக்குப் போனேன். ஆயாவுக்குப் பெரட்டில் வேலை இல்லை. கங்காணி கையில் விளக்கு. அந்தப் பக்கம் மேல லயம், இந்தப் பக்கம் கீழ லயம். கிராணியார் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"புள்ளைக்கு ஏதும் ஆச்சா?" என்று ஒருத்தி பதறினாள்.

"ஒண்ணும் ஆவல. எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. வாத்தியாருகிட்டத் தெரியும்னு பொய் சொன்னேன். பானையை மாத்திக் குடுத்தது நான். அந்தப் புள்ள சரியாத்தான் எழுதியிருந்துச்சு. மாறிப்போச்சுன்னு என்கிட்டச் சொல்லவும் சொல்லிச்சு. நாந்தான் அதட்டி அனுப்புனேன்."

மேல லயத்து வரிசையிலிருந்து அங்கம்மாக்காவின் குரல் வந்தது.

"அப்போ இத்தினி நாளா பானை மேல வெரலு வச்சு முணுமுணுத்தது?"

"சும்மாக்கா."

"அடிப்பாவி! நான் எம் மவகிட்டச் சொன்னேன், அந்த ஆயா மாதிரி நீயும் வாசிக்கணும்டின்னு!"

முதலில் சிரித்தது மாரியப்பண்ணன்தான். "மாத்திக் குடுக்கறதுன்னா அடுத்த தரமும் கெழங்குப் பானையே என் வீட்டுக்கு வரட்டும் ஆயா" என்றார். இரண்டு வரிசையும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அந்தத் தோட்டத்தில் என்னைப் பார்த்து அப்படி யாரும் சிரித்ததில்லை.

சிரிப்பு அடங்கினதும் அங்கம்மாக்கா சொன்னாள். "எம் மவ வருவா. அந்தப் புள்ளையும் வரட்டும், பழி வேணாம். ஆனா எம் பானை வராது. என் சோத்தை நானே வடிச்சுக்கறேன்." மேல லயத்தில் மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள். கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் சூசா" என்றார். தொல்லை என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

7. கீழ லயம்

கீழ லயம் மட்டும் சிரிப்போடு முடிக்கவில்லை. செல்லம்மா என்னைப் பார்க்காமலே வாளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டாள். மத்தியானமும் பொன்னுத்தாயி வரவில்லை. மற்ற இரண்டு பெண்களும் அவள் வந்தால்தான் வருவார்கள்.

நாலு மணிக்குக் கீழ லயத்துக்கு நடந்தேன். அந்தப் பிள்ளைகளைத் தினம் தோளில் போட்டுத் தூங்க வைத்தவள் நான். அவர்கள் வீட்டு வாசலை அன்றைக்குத்தான் முதல் தடவை மிதித்தேன்.

செல்லம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டேன் செல்லம்மா."

"கேட்டேன். ஒண்ணரை நாளு ஆச்சு ஒன் வாயி தெறக்க."

"ஆச்சு. புள்ளைய அனுப்பு."

"அனுப்பறேன். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அன்னிக்கு மழையில எங்க பானையெல்லாம் தூக்கி முன்னால கொண்டாந்து வச்சியே, எதுக்கு?"

"கடைசியில ஒழுகுது. அடுப்பு அணைஞ்சு போச்சு."

"எம் புள்ள தொட்டிலு எங்க தொங்குது?"

சின்னான் தொட்டில் அந்தக் கடைசி விட்டத்தில்தான். கீழ லயத்துத் தொட்டில் ஐந்தும் அங்கேதான்.

"பானை நனையறது ஒனக்குத் தெரிஞ்சுது" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் ஒரு துண்டை அவித்த சட்டியிலிருந்து எடுத்து ஓலையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான் தள்ளினாள். சாப்பிட்டேன். மாரியப்பண்ணன் பொய் சொல்லவில்லை. நல்லாத்தான் இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பி, பதினாறு தொட்டிலையும் அவிழ்த்து, லயம் பார்க்காமல் கலந்து கட்டினேன். ஒழுகுகிற இடத்தில் விறகை அடுக்கினேன். காலையில் மேல லயத்துப் பெண்கள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "புள்ளைய விடறதுன்னா விடு. இல்லன்னா முதுகுல கட்டிக்கிட்டுப் போயி மரம் வெட்டு" என்றேன். விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

8. அதிகாரி

அன்று மத்தியானமே அதிகாரி வந்தார். சிவந்த ஆள், பெரிய தொப்பி. மொழி பெயர்த்துச் சொல்ல ஒரு தமிழர் கூட வந்தார். கோணிச் சாக்கைத் தூக்கிப் பார்த்து அதிகாரி ஏதோ கேட்டார்.

"இது பள்ளிக்கூடமா, தொட்டில் கடையான்னு துரை கேக்கறாரு" என்றார் கூட வந்தவர்.

"தொட்டிலை எடுத்தா பள்ளிக்கூடமும் போயிடும்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அதிகாரி தலையை எண்ணினார். பன்னிரண்டு. கங்காணி மகன் தேவைப்படவில்லை, அவன் வெளியே கோழி விரட்டிக்கொண்டிருந்தான். பொன்னுத்தாயியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தாள். அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் கால் மணி நேரம்தான். பள்ளிக்கூடத்தை மூடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நானும் தொட்டில் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, சாக்கை ஒதுக்கிவிட்டு, பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் எழுத்து அப்படி வந்ததுதான்.

இனி, வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லாமல் வைத்துக்கொண்டால், அதற்கான அடி உங்கள்மேல் விழாது. உங்களுக்குக் கீழே யார் நிற்கிறார்களோ அவர்கள்மேல் விழும். நான் பார்த்தது இதுதான்.

பொன்னுத்தாயி அங்கே மூன்று வருஷம் படித்தாள். அதற்குமேல் அந்தக் கொட்டகையில் வகுப்பு கிடையாது. கிராணியார் மகன் ரயிலில் போய்க்கொண்டே இருந்தான். இவள் பன்னிரண்டு வயதில் உளி எடுத்தாள். நல்ல வெட்டுக்காரி, மரத்தைக் காயப்படுத்தமாட்டாள். இரண்டு லயத்துக்கும் ஊர்க் கடிதாசிகளை அவள்தான் வாசித்துச் சொன்னாள். அங்கம்மாக்காவுக்கும்கூட. என்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டும் பார்த்தேன். "அதையா இன்னும் நெனைச்சிட்டிருக்கீங்க ஆயா?" என்று சிரித்தாள்.

நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு இந்த உலகம் கொடுத்தது மொத்தம் மூன்று வருஷப் படிப்பு. அதில் இரண்டு நாளை எடுத்துக்கொண்டது நான்.